பாட்டு வராத ஞாயிற்றுக்கிழமைகள்

கேள்வி: அப்பா இறந்த நாலாம் மாதம், பட்டா மாற்ற வேண்டும் என்று அண்ணன் என்னைப் பதிவு ஆபீசுக்கு அழைத்துப்போய்க் கையெழுத்து வாங்கினார். நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அது சொத்தில் என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. மன்னித்துவிட்டேன் என்று தினமும் ஜெபிக்கிறேன், ஆனாலும் கோயிலில் அவரைக் கண்டாலே வயிறு எரிகிறது. பாட வாய் வருவதில்லை. அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ‘எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்’ என்கிறதே வேதம், நான் கிறிஸ்தவள்தானா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: அன்புச் சகோதரி, பிலிப்பியர் 4-ம் அதிகாரத்தில் அந்த வசனத்துக்கு இரண்டு வசனம் மேலே போய் வாசியுங்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள், பவுலோடு சேர்ந்து சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள், இப்போது அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சபை முழுக்கக் கேட்க வாசிக்கப்போகும் கடிதத்தில் அவர்களைப் பெயர் சொல்லிக் கெஞ்சிவிட்டு, அடுத்த மூச்சிலேயே சந்தோஷமாயிருங்கள் என்கிறார். எழுதினவரோ காவலில் இருக்கிறார். மனஸ்தாபம் உள்ள வீட்டுக்குத்தான் அந்த வசனம் போனது. உங்கள் வீட்டுக்கும் வரும்.

அப்புறம், மன்னிப்பதும் பங்கை விட்டுக்கொடுப்பதும் ஒன்று என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. இல்லவே இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தை எதிர்த்துக் கேட்கலாம், ஆனால் அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாமல் ஒரு வக்கீலைப் பாருங்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிளாடிஸ் ஸ்டெயின்ஸின் கணவரையும் இரண்டு மகன்களையும் வண்டியோடு கொளுத்தினார்கள். மன்னிக்கிறேன் என்றார் அந்த அம்மா. பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான வேலையை 2004 வரை பார்த்தார். வழக்கும் நடந்தது, தண்டனையும் கிடைத்தது. அதனால் அவர் மன்னிப்பு பொய்யாகிவிட்டதா என்ன?

வயிறு எரிவதைப் பற்றி. நான் என் சித்தப்பாவோடு ஆறு வருஷம் பேசவில்லை. அவர் பெயரை ஜெபத்தில் சொல்லத் தொடங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன், அந்தப் பெயரைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை, பல நாள் அது ஜெபமா என்றே சந்தேகம். ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன், அவர் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போன் வந்தது. “ஐயோ, அடி பலமா?” என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே ஏதோ இறங்கியிருந்தது, எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது பாடினேன்.

உங்களுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த திருவிருந்து ஞாயிறு எழுந்து போகாதீர்கள். முதல் திருவிருந்தில் பேதுரு இருந்தார், சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலிக்கப்போகிறவர், அது ஆண்டவருக்குத் தெரியும், தெரிந்தேதான் அவருக்கும் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். பாட வராவிட்டால் பாட வேண்டாம். கையை மட்டும் நீட்டுங்கள்.