கீபோர்டில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒன்றாக ஒலிப்பது) போடத் தெரிந்தவனுக்கு இசையமைப்பு ஆசிரியர் எதற்கு? உங்கள் மாஸ்டர் அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்? என்று என்னைக் கேட்பவர்களுக்கு இது பதில்.

சென்னையில் 'மாஸ்டர்' என்றதும் பாதிப் பேர் மயிலாப்பூர் சாய் லாட்ஜில் இருந்த தன்ராஜ் மாஸ்டரைத்தான் சொல்வார்கள். இளையராஜா மேற்கத்திய இசை படித்தது அவரிடம். நான் சொல்லப்போகும் மாஸ்டர் அவ்வளவு பெயர் வாங்கியவர் இல்லை, இப்போது உயிரோடும் இல்லை. ஆனால் பாடத்தின் வரிசை அதேதான்: ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் சுரம் எழுதுவது), நாலு குரல் ஹார்மனி (நாலு குரல் சேர்ந்து ஒலிக்க எழுதுவது), கவுன்டர்பாயின்ட் (தனித்தனி மெட்டுகளை ஒன்றாக ஓட விடுவது). கர்நாடக ராகங்களையும் அதே மேஜையில் வைத்துப் பார்ப்பார்.

அவர் பாடங்களில் பாதி ஒரே ஒரு சோதனைதான். எழுதிய ஒவ்வொரு வரியையும் தனியாகப் பாடிக் காட்ட வேண்டும். மெட்டை எல்லாரும் பாடிவிடுவோம். "பேஸைப் பாடு" என்பார், அதாவது அடிக்குரலை. அதிலும் தப்பித்தால் "டெனரைப் பாடு", அதாவது பேஸுக்கு மேலே உள்ள குரலை. அங்கேதான் மாட்டுவோம். கீபோர்டில் கையை அப்படியே தூக்கித் தூக்கி வைத்து எழுதிய ஹார்மனியில் நடுக்குரல் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருக்கும், இல்லையென்றால் காரணமில்லாமல் குதிக்கும்.

சங்கராபரணத்தில் ஒரு உதாரணம். ம-த-ஸ கார்டிலிருந்து ப-நி-ரி கார்டுக்குப் போக வேண்டும். விரல்கள் செய்வது என்ன? மூன்று சுரத்தையும் ஒரு படி மேலே நகர்த்தும். பேஸும் ம-விலிருந்து ப-வுக்கு ஏறும். பேஸில் இருக்கும் ம-வும் மேலே இருக்கும் ஸ-வும் ஐந்தாம் இடைவெளி (ம-விலிருந்து எண்ணினால் ஸ ஐந்தாவது). ஏறிய பிறகு ப-வும் ரி-யும் அதே ஐந்தாம் இடைவெளி. மேலே இன்னொரு ம இருந்தால் அது பேஸோடு ஆக்டேவாகவே (அதே சுரம், ஒரு ஸ்தாயி தள்ளி) ஒட்டிக்கொண்டு ஏறும். பாரலல் ஃபிஃப்த், பாரலல் ஆக்டேவ் என்று புத்தகம் தடை போடுவது இதைத்தான். காரணம் எளிது: இந்த இரண்டு இடைவெளிகளும் காதில் கிட்டத்தட்ட ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டு குரல் கூடவே நகர்ந்தால் நாலு குரல் எழுதி மூன்றுதான் கேட்கும். திருத்தம் இப்படி: பேஸ் ம-ப என்று ஏறட்டும், மேலே உள்ள மூன்றும் இறங்கட்டும். ஸ நி-க்கு, த ப-வுக்கு, ம ரி-க்கு. இப்போது எந்த வரியைப் பாடினாலும் அது ஒரு வரியாக இருக்கும்.

இதிலிருந்து வேலை வரிசையும் வந்துவிடுகிறது. முதலில் மெட்டு. பிறகு பேஸ் மட்டும், தம்புரா போட்டுப் பாடிப் பார்த்து. நடுக்குரல்கள் கடைசியில்: இரண்டு கார்டுக்கும் பொதுவான சுரம் இருந்தால் அதை அதே குரலில் நிறுத்து, மற்றதைப் பக்கத்துச் சுரத்துக்கு நகர்த்து. மேல் மூன்று குரல்களில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே ஒரு ஆக்டேவுக்கு மேல் இடைவெளி விடாதே. டெனருக்கும் பேஸுக்கும் நடுவே விடலாம். பேஸ் பக்கம், மத்திய ஸி-க்கு (கீபோர்டின் நடுவில் உள்ள ஸி) ஓர் ஆக்டேவ் கீழே போய்விட்டால், ஸ-க போல மூன்றாம் இடைவெளியை நெருக்கி வைக்காதே. அங்கே துணை ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பாகிவிடும். அந்த க-வை ஒரு ஆக்டேவ் மேலே தூக்கிவிட்டால் தெளிந்துவிடும். மிக்ஸிங்கில் ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைப்பது) திருகிச் சரிசெய்யப் பார்க்கும் பாதி 'மட்', அதாவது கலங்கிய ஒலி, உண்மையில் எழுத்தில் நடந்த தப்பு என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது ராகம். நம் ஊரில் ஹார்மனி படிப்பவருக்கு இதுதான் பெரிய பள்ளம், மாஸ்டரும் இங்கேதான் அதிக நாள் உட்கார வைப்பார். மோகனத்தில் ஸ ரி க ப த. இதில் முழுதாகக் கிடைக்கும் மூன்று சுரக் கார்டுகள் இரண்டே இரண்டு: ஸ-க-ப, த-ஸ-க. ப-வில் கார்டு போட நி வேண்டும், ராகத்தில் நி கிடையாது. பழக்கத்தில் விரல் நி-யைத் தொட்டுவிடும், மோகனம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும். ப-வையும் ரி-யையும் மட்டும் வைத்து நடுவைக் காலியாக விடு, அல்லது ப-ஸ-ரி போடு என்பார்.

ஹிந்தோளம் இன்னும் வம்பு. ஸ க ம த நி, ப இல்லை. (க, த, நி மூன்றும் சின்னது: சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம்.) இங்கேயும் முழுக் கார்டுகள் இரண்டுதான்: த-ஸ-க, ம-த-ஸ. இரண்டுமே ஸ-வில் தொடங்குபவை இல்லை. த-ஸ-க கார்டைப் போட்டு பேஸில் த-வை நாலு பார் (தாளக் கட்டம்) நிறுத்திப் பாருங்கள். பாடகர் ஹிந்தோளத்தைத்தான் பாடிக்கொண்டிருப்பார், கேட்பவர் காதில் அது மோகனமாகிவிடும். ஹிந்தோளத்தின் த-வை ஸ-வாக வைத்தால் கிடைப்பது மோகனமேதான். ம-வை ஊன்றினால் சுத்த தன்யாசி. கச்சேரியில் தெரிந்தே செய்தால் கிரகபேதம் என்று கைதட்டல் வாங்கலாம். பாட்டில் தெரியாமல் செய்தால் பல்லவி முடிந்து வீட்டுக்கு வந்த உணர்வே வராது. வழி: தாளம் விழும் இடங்களில் பேஸில் ஸ-வையே வை. த-ஸ-க வேண்டுமா, ஸ-வைக் கீழே போட்டு வை. முடிவில் ஸ-ம மட்டும். எது ஸட்ஜம் என்று கேட்பவருக்குச் சொல்வது பேஸ்தான், பாடகர் அதற்கு அடுத்துத்தான்.

தோடி மாதிரி ராகத்தில் இந்த வித்தையும் செல்லாது. க அங்கே ஒரு இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். ஸ்ட்ரிங்ஸில் (வயலின், செல்லோ போன்ற தந்தி வாத்தியங்களில்) அசையாத க-வைப் பிடித்தால் பாடகரோடு உரசும். அங்கே ஸ-ப போதும்.

சொல்லையும் விடமாட்டார். தத்தகாரத்தில் (பொருளில்லாத 'தன தன' போன்ற ஒலிகளில்) மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, வரி வந்த பிறகு நெடிய சுரத்தில் குறில் விழுந்தால் பொருளே மாறும். 'படம்' நீண்டால் 'பாடம்'. 'மலை' நீண்டால் 'மாலை'. 'பல்' நீண்டால் 'பால்'. வரியை மாற்றச் சொல்வதற்கு முன் சுரத்தை இரண்டாக உடைத்துப் பார். உச்சத்தில் நீட்டி நிறுத்தும் இடத்துக்கு நெடில் கேள், இல்லையென்றால் ம், ன், ல் போல ஒலி தொடரும் மெய்யில் முடியும் சொல்லைக் கேள். 'பாட்டு', 'காற்று' போன்றவற்றில் கடைசி உகரம் குறுகி ஒலிப்பது. அதை உச்ச சுரத்தில் நாலு எண்ணிக்கைக்கு இழுத்தால் யார் பாடினாலும் கோணலாகத்தான் இருக்கும்.

வாத்தியப் பாடம் சுருக்கம்தான். வயலினில் அடி ஜி-க்குக் கீழே போக வழியில்லை, வியோலாவிலும் செல்லோவிலும் ஸி-யோடு சரி. டபுள் பேஸ் எழுதியதைவிட ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும். பி ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஒரு முழுச் சுரம் மேலே எழுதணும். இதை மறந்து பார்ட் (வாசிப்பவருக்கான தனித்தாள்) எடுத்தால் ஸ்டூடியோவில் கால்ஷீட் ஓடும்போதுதான் தெரியும். ஃப்ளூட்டின் கீழ்ச் சுரங்கள் மெலிந்தவை, அங்கே மெட்டைக் கொடுத்தால் ஸ்ட்ரிங்ஸை அடக்கு. ஊதுபவருக்கு மூச்சுக் குறியை ஸ்கோரிலேயே போடு.

மூச்சுக் குறி எங்கே போடுவது என்று கேட்டால் பதில் மறுபடியும் அதேதான். "பாடு. உனக்கு எங்கே முட்டுதோ, அங்கே போடு."