ஓட்டுப் போடாத ஆளுக்கும் ஜெபமா?

கேள்வி: தோத்திரம் ஐயா. எங்களுக்கு திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. ஞாயித்துக்கிழமை ஆராதனைல எங்க ஐயர் (பாதிரியார்) ஜனாதிபதி, பிரதமர், முதலமைச்சர், எம்எல்ஏன்னு வரிசையா சொல்லி ஜெபம் பண்றாரு, சபையே ஆமென் சொல்லுது, எனக்கு மட்டும் வாய் வரமாட்டேங்குது. போன சம்பா அறுப்புல நெல்லைக் கொண்டுபோய் கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு நாள்கணக்கா காத்துக்கெடந்தோம், சாக்கு இல்லைன்னாங்க, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்குன்னாங்க, அதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு, தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தா அடிநெல்லு வெள்ளையா முளை விட்டுக் கெடக்கு. இவங்களுக்கு நான் ஓட்டும் போடல. இவங்களுக்காக ஜெபம் பண்றது ஜால்ரா போடுற மாதிரி ஆகாதா?
(வாசகர், திருவாரூர் மாவட்டம்)

பதில்: தம்பி, உங்க கோவம் நியாயமானது, அதை முழுங்கிட்டு ஆமென் சொல்லுங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அந்த ஜெபத்தை ஆட்சில இருக்கறவங்களுக்குக் குடுக்குற நற்சான்றிதழா நினைச்சுட்டீங்க, அது அப்படியில்ல.

ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபம் பண்ணுங்கன்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுறாரே (1 தீமோ. 2), அவரு காலத்து ராயன், அதாவது ரோமப் பேரரசன் யாரு, நீரோ. கி.பி. 64ல ரோமாபுரி எரிஞ்சப்ப பழியைத் தூக்கி கிறிஸ்தவங்க மேல போட்டு, ராத்திரி வெளிச்சத்துக்கு அவங்களையே கொளுத்துனான்னு டாசிட்டஸ்ங்கிற ரோம வரலாற்று ஆசிரியரே எழுதி வச்சிருக்காரு, அவரு கிறிஸ்தவரும் கெடையாது. அந்த ராயனை யாரும் ஓட்டுப் போட்டு உக்கார வைக்கல. நல்லவனா இருந்தா ஜெபம் பண்ணு, இல்லாட்டி விட்டுருன்னு பவுல் சொல்லல, நாம கலகமில்லாம அமைதலா பொழைக்கணும், எல்லா மனுஷரும் இரட்சிக்கப்படணும்னு தேவன் நினைக்கிறாரு, அதுக்காகப் பண்ணுன்னுதான் சொல்றாரு. எரேமியா தீர்க்கதரிசியும் அப்படித்தான், பாபிலோனுக்குப் புடிச்சுட்டுப் போன ஜனங்களுக்கு லெட்டர் எழுதி, அந்த ஊரு சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்க, அதுக்கு சமாதானம் இருந்தாத்தான் உங்களுக்கும் இருக்கும்னாரு. வீட்டை இடிச்சவன் ஊருக்காக ஜெபம்! எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும் கேக்குறப்ப.

ஜால்ராவான்னு கேட்டீங்கல்ல, இதே கேள்வி ஆதிசபைக்கும் வந்துச்சு. வட ஆப்பிரிக்கா கார்த்தேஜ்ல இருந்த தெர்த்துல்லியன்ங்கிற கிறிஸ்தவ எழுத்தாளர் கி.பி. 200க்குக் கொஞ்சம் முன்னாடி ரோம அதிகாரிங்களுக்கு நேரா சொன்னாரு, நாங்க ராயனுக்கு நீண்ட ஆயுசு கேக்குறோம், ராஜ்யத்துக்குப் பாதுகாப்பு கேக்குறோம், ஆனா அவரை தெய்வம்னு மட்டும் சொல்லமாட்டோம்னு. ஒருத்தருக்காக கடவுள்கிட்ட கேக்குறோம்னா அவருக்கும் மேல ஒருத்தர் இருக்காரு, அவருக்கு இவரும் கணக்கு சொல்லணும்னுதானே அர்த்தம். ஜால்ரா போடுறவன் இப்படி ஜெபம் பண்ணவே மாட்டான்.

நீதிமொழிகள் 21ல ஒரு வசனம் இருக்கு, ராஜாவின் இருதயம் கர்த்தரின் கையில் நீர்க்கால்களைப்போலிருக்கிறது, தமது சித்தத்தின்படி அதைத் திருப்புகிறார்னு. இதை டெல்டாக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தாலும் கல்லணைல காவேரிக்கு எவ்வளவு, வெண்ணாத்துக்கு எவ்வளவு, புது ஆத்துக்கு எவ்வளவுன்னு பிரிச்சு, அப்பறம் ஒவ்வொரு மதகா ஷட்டர் தூக்கி, கடைசில உங்க வாய்க்காலுக்கு வர்றதுக்குள்ள எத்தனை பேரு கை பட்டாகணும், நடுவுல ஒருத்தர் அசந்தாலும் கடைமடை காஞ்சு போயிரும். அதனாலதான் நம்ம சபைகள்ல பண்ற ஜெபம் எனக்குப் பத்தாதுன்னு தோணுது. பெரிய பேரு நாலை ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுறோம். "அதிகாரமுள்ள யாவருக்காகவும்"னு எழுதியிருக்கு, யாவரும்னா மதகு தூக்குற லஸ்கர், விஏஓ, தாசில்தார், கொள்முதல் நிலையத்துல பில்லு போடுறவரு எல்லாருந்தான். அவரு மூட்டைக்கு இவ்வளவுன்னு கை நீட்டாம இருக்கணும்னு பேரைச் சொல்லாம ஜெபம் பண்ணிப் பாருங்க, உங்களுக்கு வாயும் வரும், மனசும் வரும்.

என்ன கேக்குறதுன்னு தெரியலைன்னா 72ம் சங்கீதத்தை எடுங்க. அது முழுக்க ராஜாவுக்கான ஜெபம், ஆனா அவருக்குப் பதவி நிலைக்கணும்னு தொடங்கல, நியாயந்தீர்க்கிற புத்தியைக் குடும்னு தொடங்குது, சிறுமைப்பட்டவனுக்கு நியாயம் செய்யணும், ஏழை பிள்ளையைக் காப்பாத்தணும், இடுக்கண் செய்யுறவனை நொறுக்கணும்னு கேக்குது. உங்க முளைச்ச நெல்லுக்கு இடம் இருக்குற ஜெபம் அது.

ஜெபம் பண்ணிட்டு சும்மா இருங்கன்னும் சொல்லல. தஞ்சாவூர்ல ஊழியம் பண்ணின ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரைப் பாருங்க. ஹைதர் அலி படையெடுப்புல, 1781 வாக்குல, தஞ்சாவூர் கோட்டைக்குள்ள பஞ்சம், வெளியில நெல்லு இருக்கு, உள்ள கொண்டாற மாடு கிடைக்கல. முன்னாடி கூலி குடுக்காம ஏமாத்துனதால மாட்டுக்காரங்க ராஜாவையும் நம்பல கிழக்கிந்தியக் கம்பெனியையும் நம்பல. கூலிக்கு நான் பொறுப்புன்னு ஐயர் சொன்னப்பறம்தான் மாடு வந்துச்சு, நெல்லும் வந்துச்சு, சொன்னபடி கூலியும் குடுத்தாரு. துளஜா ராஜா சாகும்போது தத்துப்புள்ள சரபோஜியை அவரு பொறுப்புல விட்டாரு, அந்தப் பையனோட உரிமைக்காக ஐயர் கம்பெனிகிட்ட விடாம எழுதிக்கிட்டே இருந்தாரு. சரபோஜி கிறிஸ்தவர் ஆகவே இல்ல, அதுக்காக ஐயர் அவரை விட்டுடல. 1798 பிப்ரவரில ஐயர் காலமானாரு, தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்குற சர்ச்சுல அந்தப் பளிங்குச் சிற்பத்தை இப்பவும் பாக்கலாம், கட்டில்ல ஐயர், பக்கத்துல நிக்குற சரபோஜி.

அதனால நீங்க மனு எழுதுங்க தம்பி, குறைதீர் கூட்டத்துக்குப் போங்க, தேவைப்பட்டா சாலைல உக்காருங்க. தாவீது ராஜாவுக்காக ஜெபம் பண்ற அதே ஜனத்துலேருந்துதான் நாத்தான் தீர்க்கதரிசியும் போய், ராஜா செஞ்ச பாவத்தைச் சுட்டிக்காட்டி "நீயே அந்த மனுஷன்"னு முகத்துக்கு நேரா சொன்னாரு. ஜெபம் பண்ணிட்டுப் போறவனுக்கு கலெக்டர் ஆபீஸ்ல நிக்கும்போது எதுத்தாப்ல இருக்கறவரும் மனுஷனாத் தெரிவாரு, பேச்சு தடிக்காது, விஷயம் நழுவாது.

கேள்வி: எலெக்ஷன் நேரத்துல வேட்பாளர் சர்ச்சுக்கு வந்து முன்வரிசைல உக்காந்து ஜெபம் கேக்குறாங்களே, பண்ணலாமா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: பண்ணலாம்மா, கேட்டு வர்றவங்களை வேண்டாம்னு சொல்ல நமக்கு அதிகாரம் இல்ல. ஆனா ஜெயிக்கணும்னு பண்ணக்கூடாது, சால்வை வேண்டாம், மைக்கை அவங்க கைல குடுக்கவே வேண்டாம். பயமில்லாம உண்மையா நடக்கணும், காசு குடுக்காம இருக்கணும்னு அவரு காதுல விழுற மாதிரி ஜெபம் பண்ணட்டும், மறுநாள் அடுத்த கட்சிக்காரர் வந்தாலும் அதே ஜெபத்தை ஒரு வார்த்தை கூடாம குறையாம பண்ணச் சொல்லுங்க உங்க ஐயர்கிட்ட.