கேளுங்கள், சொல்கிறேன்: வேலியோரக் கீரை

கேள்வி: ஒடுகத்தூரில் இருக்கும் என் மாமியார் மழை பெய்துவிட்டால் வேலியோரம் போய் மடி நிறையக் கீரை பறித்து வருவார். தானும் பறித்துச் சமைக்க வேண்டும் என்று என் எட்டு வயது மகள் அடம்பிடிக்கிறாள். விஷச்செடியைப் பறித்துவிடுவாளோ, கையை அறுத்துக்கொள்வாளோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, காட்பாடி

பதில்: பாட்டியோடு அனுப்புங்கள் அம்மா. கணியம்பாடிப் பக்கம் சத்துணவுக்கூடத்தில் பிள்ளைகளோடு காலம் கழித்தவள் நான். தன் கையால் ஆய்ந்த கீரையைத் தட்டில் ஒதுக்கிய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

இந்த மழைக்கு முடக்கத்தான் ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பலூன் போல் உப்பிய காயை உடைத்தால் உள்ளே கறுப்பு விதை, அதில் இதய வடிவில் வெள்ளைப் பொட்டு. பார்த்த குழந்தைக்கு மறக்காது. இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்துவிடலாம். அதே வேலியில் குன்றிமணியும் படர்ந்திருக்கும். சிவப்பும் கறுப்புமான அந்த மணி பிள்ளைகளின் கண்ணை இழுக்கும். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கீரையைக் காட்டும் அன்றைக்கே குன்றிமணியையும் ஊமத்தையையும் காட்டிவிட வேண்டும். பாட்டி பார்த்துச் சொல்லாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிலக்கடலைக் கொல்லையில் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் மண்டிக் கிடக்கும். களைக்கொல்லி அடித்தார்களா என்று கொல்லைக்காரரிடம் கேட்ட பிறகே கை வைக்க வேண்டும்.

சமையலைக் கத்தியிலிருந்து தொடங்குவானேன்? முதலில் ஆயட்டும். முற்றிய தண்டு, பூச்சி அரித்த இலை, பெயர் தெரியாத இலை எல்லாவற்றையும் அவளே கழிக்கட்டும். பிறகு அலசல். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையை அமுக்கி அலசி, இரு கையாலும் மேலே அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரையிலேயே ஏறிவிடும். பெரியவர்களே பலர் இப்படித்தான் கொட்டுகிறார்கள், எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

வேகவைப்பது உங்கள் பொறுப்பு. வெந்த தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள். சூடு தணிந்ததும் சட்டியைப் பிரிமணைமேல் வைத்து மத்தை அவள் கையில் கொடுங்கள். தண்ணீர் இல்லாததால் மேலே தெறிக்காது. கடைந்த பிறகு அந்தத் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளலாம். கேழ்வரகுக் களிக்கு அவள் கடைந்த கடைசல்தான் அன்றைக்கு! கத்தி பிறகு வரட்டும். அப்போதும் வேகவைத்த உருளைக்கிழங்கில் பழகட்டும். அரிவாள்மனை இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பாலாற்றங்கரையில் பொன்னாங்கண்ணி தளதளவென்று வளர்ந்திருக்கிறது. பறிக்கலாமா?
- வாசகர், ஆம்பூர்

பதில்: வேண்டாம் ஐயா. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடும் கழிவு பல ஆண்டுகளாக மண்ணிலும் நீரிலும் கலந்திருக்கிறது. அதிலுள்ள குரோமியத்தைக் கீரை உறிஞ்சிக்கொள்ளும். எத்தனை முறை அலசினாலும், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. நல்ல கிணற்றுப் பாசனக் கொல்லையிலிருந்து நாலு தண்டு வாங்கி, கணு மண்ணுக்குள் இருக்கும்படி தொட்டியில் நடுங்கள். கணுவிலேயே வேர்விட்டுப் படர்ந்துவிடும்.