அந்தப் புதர் பக்கம் போகாதீர்கள்

அன்புள்ள அக்கா,

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் காடு. காட்டு வான்கோழி வேட்டைக் காலம் மே மாதத்தோடு முடிந்தது. ஜூன் முதல் வாரமாகியும் ஒரு சேவல் விடியற்காலையில் கத்துகிறது. இனச்சேர்க்கைக் காலம் இன்னும் முடியவில்லையா? மயிலைப் பார்த்து ஆடுகிற பறவைக்கு வெட்கமே கிடையாதா? வேலியோரப் புதரில் ஒரு பெட்டை 9 முட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டத் தினமும் கூட்டிப்போகிறேன். படம் இணைத்துள்ளேன். சோளம் போடலாமா?

பாஸ்கர்

அன்புள்ள பாஸ்கர்,

சோளம் வேண்டாம். பூஞ்சை பிடித்த சோளம் வான்கோழியைக் கொன்றுவிடும். மயில் பேச்சும் வேண்டாம். மயிலே இல்லாத காட்டின் பறவை அது. அதன் ஆட்டம் அதனுடையது.

வேட்டைக் காலம் மனிதர்கள் போட்ட கணக்கு. பெரும்பாலான பெட்டைகள் சேர்ந்து முடித்து அடையில் உட்காரும் சமயம் பார்த்துத்தான் வசந்த கால வேட்டையைத் திறக்கிறார்கள். பெட்டைகள் அடைக்குப் போனதும் தனியாக விடப்பட்ட சேவல் இன்னும் அதிகமாகக் கத்தும். ஜூனில் அது குறையுமே தவிர சட்டென்று நிற்காது. கூட்டை இழந்த பெட்டை மறுபடி முட்டையிடப் பார்க்கும், அதற்காகத்தான் அந்தக் குரல். இத்தனைக்கும் ஒருமுறை சேர்ந்தாலே அந்த விந்து வாரக்கணக்கில் பெட்டையின் உடம்பில் தங்கி முட்டைகளுக்குக் கருவூட்டும்.

சரி, கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். படத்தைத் திறந்ததிலிருந்து என் மனம் அந்தப் புதரிலேயே நிற்கிறது.

காட்டு வான்கோழி வழக்கமாக 10, 12 முட்டைகள் இடும். அங்கே மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான் நிறையக் கூடுகளில் குஞ்சு பொரிக்கும். உங்கள் வீட்டில் இப்போதும் 9 முட்டைகள்தான் என்றால், அது இரண்டாவது கூடாக இருக்கலாம். முதல் கூட்டை எதற்கோ பறிகொடுத்துவிட்டு, நாளுக்கு ஒன்றாக மறுபடி இட்டு, 26 முதல் 28 நாள் தவத்துக்கு மறுபடி உட்கார்ந்திருக்கலாம். அங்கே போய்த் தினமும் நிற்கிறீர்களே!

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், நியூயார்க் மாநிலத்தில் என் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். புல்வெளி முடிகிற இடத்தில் ஓக் மரத்தடி முட்புதருக்குள் ஒரு பெட்டை. மூன்றடி தள்ளி நின்றும் முதலில் எனக்குத் தெரியவில்லை. காய்ந்த இலைக் குவியலுக்குள் ஒரு கண் மட்டும் சிமிட்டியது. அப்புறம் நானும் தினமும் போனேன். ஈரப்புல்லில் என் செருப்புத் தடம் ஒற்றையடிப் பாதையாகவே விழுந்துவிட்டது. நான்காம் நாள் அது படபடவென்று எழுந்து பறந்தது. திரும்பி வரவில்லை. மறுநாள் ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தேன், மண்ணைப் போலச் சில்லென்றிருந்தது. அதற்கடுத்த நாள் பழுப்புப் புள்ளி போட்ட ஓடுகள்தான் கிடந்தன. முட்டை திருடும் ரக்கூன் என்ற காட்டு விலங்கை அக்கா திட்டினாள். நான் வாயே திறக்கவில்லை.

அடை தொடங்கிய நாட்களில் கலைத்துவிட்டால் வான்கோழி கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். அசையாமல் இருப்பதுதான் அதற்குத் தெரிந்த காவல். அது உங்களைப் பார்த்துப் பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டுகிறேன் என்கிறீர்கள். நீங்கள் காட்டுவது, பயத்தில் உறைந்து கிடக்கும் ஒரு தாயை. படம் எடுத்தது போதும். இன்றோடு நிறுத்துங்கள் தம்பி, கெஞ்சிக் கேட்கிறேன்.

வேலியோரப் புல்லை ஜூலை பாதிவரை வெட்டாதீர்கள். பொரித்த ஓரிரு நாளிலேயே குஞ்சுகள் தாயின் பின்னால் நடந்துவிடும். மரத்துக்குப் பறக்கத் தெரிய இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை தாய் தரையிலேயே இறகை விரித்து அவற்றை மூடிப் படுத்திருக்கும். அப்புறம் என்றைக்காவது உங்கள் புல்வெளிக்குப் பூச்சி பிடிக்க அவை வரலாம். வந்தால் பிள்ளைகளைச் சமையலறை ஜன்னலில் நிறுத்துங்கள். எத்தனை குஞ்சு என்று அவர்களையே எண்ணச் சொல்லி, எனக்கு எழுதுங்கள்.