நொண்டல் நின்றுவிட்டது, நாண் இன்னும் ஆறவில்லை

கேள்வி: காங்கயம் பக்கம் எங்கள் தோட்டம். ஆறு வயதுப் பெண்குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். ஆனி முதல் வாரத்தில் ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்குப் பழக்கும்போது திடீரென்று இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டது. முட்டிக்குக் கீழே பின்பக்கம் வாழைக்காய் போல வீங்கி, தொட்டால் சுட்டது. பத்து நாளில் நொண்டல் ஏறக்குறைய நின்றுவிட்டது. வீக்கமும் சூடும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. காய்ச்சிய இரும்பால் காலில் சூடு இழுத்தால் சரியாகும் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். எங்கள் அப்பாரு காலத்திலும் அப்படித்தான் செய்வார்களாம். ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குக் கூட்டிப்போக நினைத்திருந்தேன். ஊசி போட்டால் தாங்கும் என்கிறார் தரகர். என்ன செய்யலாம்?

பதில்: இந்த ஆடிக்கு அந்தியூர் வேண்டாம். சூடு எந்த ஆண்டும் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் குதிரைக்கு இப்போதுதான் ஆபத்தான நேரம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், முன்னங்காலின் பின்பக்கம் தோலை ஒட்டி இறங்கும் தசைநாணில், அதாவது சதையை எலும்போடு இணைக்கும் நாணில், நார்கள் அறுந்திருக்கின்றன என்றே தெரிகிறது. ஓட்டக் குதிரைகளுக்கு அடிக்கடி வரும் காயம் இது. குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. முட்டிக்குக் கீழே சதை கிடையாது. எலும்பும் நாணும் தோலும்தான். ஒவ்வோர் எட்டுக்கும் அந்த நாண் நீண்டு சுருங்குகிறது. முழுப் பாய்ச்சலில் அதன் உட்பகுதி 45 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. அதனால் நொடியில் அறுந்தது கூடிவர மாதக்கணக்கில் ஆகிறது.

நொண்டல் நின்றது என்றால் வலி தணிந்தது என்று மட்டுமே பொருள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் உள்ளே காயம் பெரிதாகவும்கூடும். அதன்பின் புதிய நார்கள் உருவாகும்போது அவை திக்குத்திசை இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். இழுவையைத் தாங்கும் வலு அவற்றுக்கு இருக்காது. அளவோடு நடக்க நடக்கத்தான் அவை காலின் நீளவாக்கில் ஒழுங்குபடும். பார்ப்பதற்குக் குதிரை நன்றாக நடக்கும் இந்த நேரத்தில் ஓடவிட்டுத்தான் பலரும் குதிரையை இழக்கிறார்கள். இரண்டாம் முறை அறுந்தால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது.

தரகர் சொல்லும் ஊசியை நான் அஞ்சுவது இதனால்தான். வலி தெரிந்தால்தான் குதிரை அந்தக் காலை அளந்து ஊன்றும். வலியை மறைத்துவிட்டுக் கூட்டத்தில் நிறுத்தினால், வண்டியில் ஏற்றி இறக்கும்போதே மீதி நாரும் போய்விடலாம். வலி மருந்து வேண்டுமானால் அதைக் கால்நடை மருத்துவர் எழுதித் தரட்டும். அளவு மீறினால் குதிரைக்கு வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். மெலாக்சிகாம் போன்றவை இருக்கின்றன. டைக்ளோபெனாக்கைக் கால்நடைகளுக்குப் போடுவது 2006 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த மருந்து ஏறிய மாட்டின் உடலைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. நம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்தாவது, மனிதருக்கு வைத்த ஊசியை வாங்கிவந்து போடாதீர்கள். நாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுகிறேன் என்று யாராவது வந்தாலும் மறுத்துவிடுங்கள். அது வீக்கத்தை வற்றவைக்கும், நாரை நலிவடையச் செய்யும்.

சூடு பற்றிப் பெரியவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. அப்பாரு காலத்தில் சூடு இழுத்த குதிரைகள் தேறியிருக்கும். ஆனால் சூடு பட்ட காலோடு வண்டியில் பூட்ட முடியாது. புண் ஆறும் வரை மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருப்பார்கள். குதிரையைத் தேற்றியது அந்த ஓய்வு. பெயர் மட்டும் சூட்டுக்கோலுக்குப் போனது. சூடு நாணை ஆற்றுவதில்லை, தோலையும் கெடுக்கிறது என்று 1983-இல் பிரிட்டனில் வெளியான விரிவான ஆய்வும் காட்டியது. கொப்புளம் எழுப்பும் காரமான பூச்சுகளும் இதே வகைதான். வலியில் கிடக்கும் பிராணிக்கு இன்னொரு வலியைக் கொடுத்து மருத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? அடிபட்ட முதல் மூன்று நாள்தான் குளிர்ச்சிக்கு முக்கியமான நேரம், அது கடந்துவிட்டது. ஆனாலும் காலில் இன்னும் சூடு இருப்பதால் காலை, மாலை இருவேளையும் 20 நிமிடம் குழாயில் தண்ணீர் பீய்ச்சுங்கள். வெயிலில் கிடந்த தொட்டித் தண்ணீர் உதவாது. ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி வையுங்கள், தோலில் நேராகப் படக்கூடாது. பிறகு காலைத் துடைத்துக் காயவைத்து, முட்டிக்குக் கீழிருந்து கணுவுக்குக் கீழ் வரை பஞ்சை ஒரே கனமாகச் சுற்றி, அதன்மேல் அகலமான கட்டுத்துணியால் சீராகக் கட்டுங்கள். மெல்லிய துணியை மட்டும் இறுக்கிக் கட்டினால் அது நாணை அழுத்திக் கெடுத்துவிடும். நல்ல காலுக்கும் கட்டுப் போட வேண்டும், பாரம் முழுவதையும் இப்போது அதுதானே தாங்குகிறது! தினமும் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துக் கட்டுங்கள். எண்ணெய் நீவல், சூடான ஒத்தடம் எல்லாம் சூடு முழுவதும் தணியும் வரை வேண்டாம்.

கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் ஒரு சோதனை செய்யுங்கள். காலை மடித்துத் தூக்கி உங்கள் தொடைமேல் தாங்கிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நாணைப் பிடித்து, முட்டியிலிருந்து கணு வரை மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்தில் தடிப்பு, எங்கே அழுத்தினால் காலை இழுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். உடனே வலது காலிலும் அப்படியே பார்த்தால் வேறுபாடு விரலுக்கே தெரிந்துவிடும். தேதி போட்டு எழுதிவையுங்கள். பின்னால் நடையைக் கூட்டும்போது இந்தக் குறிப்புதான் வழிகாட்டும்.

ஆனால் விரலுக்குத் தெரிவது மேலோட்டம்தான். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தால்தான் எத்தனை பங்கு நார் அறுந்திருக்கிறது என்று தெரியும். அடிபட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு எடுப்பதே சரி. உங்களுக்கு இது ஏற்ற நேரம். தோட்டத்துக்கே கருவியோடு வரக்கூடிய மருத்துவர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, இரண்டு கால்களுக்கும் கட்டுப் போட்டு மெதுவாகக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

இனி நடைக் கணக்கு. ஸ்கேன் வரும் வரை கட்டுத்தரையில்தான் இருக்க வேண்டும். மேய்ச்சலுக்கு விடும் கொறங்காட்டில் அவிழ்த்துவிடவே கூடாது. கிளுவை வேலிக்கு அப்பால் ஒரு நாய் குரைத்தால் போதும், குதிரை ஒரு பாய்ச்சலில் எல்லாவற்றையும் கெடுத்துக்கொள்ளும். மருத்துவர் ஒப்புக்கொண்டதும், கையில் பிடித்தபடி நாளுக்கு இரண்டு வேளை ஐந்து, பத்து நிமிடம் நடத்துங்கள். வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டிப் புரட்டாசிக்குள் நாளுக்கு 40 நிமிடம் வரை வரலாம். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். வேலிகளுக்கு நடுவே போகும் உங்கள் இட்டேரி நேராக, கல் இல்லாமல் இருந்தால் அதுவே போதும். ஆழமான மணல் வேண்டாம். களத்தில் சுற்றிச் சுற்றி நடத்துவதும் வேண்டாம். வளைவில் ஒரு காலுக்குப் பாரம் கூடும். ஐப்பசியில் ஸ்கேன் நன்றாக வந்தால் நடைக்கு நடுவே சில நிமிடம் மெல்லோட்டம் சேர்க்கலாம். ஆனால் அப்போது அடைமழை பிடித்து இட்டேரி சேறாகும். வழுக்கும் நாள்களில் மெல்லோட்டத்தைத் தள்ளிவையுங்கள், நாள் போகிறதே என்று அவசரப்படாதீர்கள். தை, மாசிக்கு மேல்தான் பாய்ச்சல் நடை. வெறும் வண்டி பூட்டுவது பங்குனிக்குப் பிறகு. எந்தக் கட்டத்திலும் காலையில் நாண் சுட்டாலோ தடித்தாலோ முந்தைய கட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

லாடம் கட்டுபவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: குளம்பின் முன்பக்கம் நீளாமல் ஒழுங்காகச் சீவ வேண்டும். குதிகாலை உயர்த்தி லாடம் அடித்தால் நாணுக்கு இதம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆழத்தில் ஓடும் நாணுக்கு அது பொருந்தலாம். உங்கள் குதிரைக்கு அறுந்திருக்கும் மேல்நாணின் இழுவையை அது கூட்டிவிடக்கூடும்.

வேலை இல்லாதபோது கொள்ளும் தானியமும் பழைய அளவில் போட்டால் குளம்பில் அழற்சி வரும், வயிற்றுவலியும் வரலாம். அவற்றை வெகுவாகக் குறைத்து, காய்ந்த கொழுக்கட்டைப் புல்லும் பூஞ்சணம் பிடிக்காத கடலைக்கொடியும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பச்சைச் சோளப்பயிர் குதிரைக்கு வேண்டாம். தரையில் தென்னைநார்க் கழிவைப் பரப்பினால் நிற்க மெத்தென்றிருக்கும். தனியாகக் கட்டிக்கிடக்கும் குதிரை மனம் வெதும்பும். பக்கத்தில் ஓர் ஆட்டைக் கட்டுங்கள்.

கணு தரையைத் தொடுமளவு தாழ்ந்தாலோ, நாண் பக்கம் தோல் கிழிந்திருந்தாலோ, நல்ல காலையும் ஊன்றத் தயங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் உங்கள் மருத்துவரை அழையுங்கள். கால்நடை அவசர ஊர்தியை 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம். காயம் இருந்தால் டெட்டனஸ் ஊசி கட்டாயம். குதிரையைப்போல அந்த நோய்க்கு எளிதில் ஆட்படும் பிராணி வேறில்லை.

ரேக்ளாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆறிய நாணில் தழும்பு இருக்கும். பழைய நெகிழ்வு திரும்பாது. அடுத்த ஆனிக்கு முன் பந்தயம் நினைத்தே பார்க்க வேண்டாம். நானாக இருந்தால் அதன் பிறகும் தார்ச்சாலைப் பந்தயத்துக்கு இறக்க மாட்டேன். தோட்டத்து வண்டிக்கும் குட்டி ஈனவும் வைத்துக்கொள்வேன். ஆறு வயதுதானே, இன்னும் நெடுங்காலம் உங்களோடு இருக்கும். ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் அனுப்புங்கள்; காயத்தின் அளவைப் பார்த்து நடைக் கணக்கை மாற்றித் தருகிறேன்.