தமிழ் வழியில் படித்த மகளை ஹாஸ்டல், கல்லூரி வாழ்க்கைக்கு மனதளவில் எப்படித் தயார் செய்வது?

தேனிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்த மகளுக்குக் கோவையில் பொறியியல் இடம் கிடைத்திருக்கிறது, ஹாஸ்டலில் தங்க வேண்டும், நானும் மனைவியும் கல்லூரிப் பக்கமே போனதில்லை, பெண்ணுக்குக் கூச்ச சுபாவம், என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். மகளிர் விடுதிப் பொறுப்பும் பார்த்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சொல்லி அனுப்புவதைவிட, இப்போதே சிலவற்றை அவளையே செய்யவிடுங்கள். முதல் செமஸ்டரில் தடுமாறும் பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கக்கூடியவர்கள்தான். முன்பின் தெரியாத ஒருவரிடம் போய், "எனக்கு இது தெரியல, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேட்டுப் பழகாதவர்கள். பழக்கம் எப்படி வரும்? பத்தாம் வகுப்பு வந்ததுமே "நீ படி, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று வீடு முழுக்க ஒதுங்கி நிற்கிறது. டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட அம்மாதான். அப்படி வளர்ந்த பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வண்டி ஏறிவிடுகிறோம்.

ஒரு வருடம், வகுப்பு தொடங்கிய முதல் வாரத்தில், ஒரு பெண் இரவுச் சாப்பாட்டுக்கு வரவேயில்லை என்று மெஸ்ஸில் பரிமாறும் அக்கா வந்து சொன்னார். அறைக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்கும் தண்ணீரும்தான் சாப்பாடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்பதும் இல்லை. கூட இருக்க வேண்டிய பெண் இன்னும் வந்து சேரவில்லை. "யார்கூடப் போறதுன்னு தெரியல மேடம், தனியாப் போய்த் தட்டோட நிக்க ஒரு மாதிரி இருக்கு" என்றாள். பக்கத்து அறைக் கதவைத் தட்டி, அங்கிருந்த மூன்று பேரோடு அனுப்பிவைத்தேன். அடுத்த நாளிலிருந்து நான்கு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். அந்தக் கதவை அவளே தட்டியிருக்கலாம். அதற்கான பழக்கத்தைத்தான் இந்த விடுமுறையில் கொடுக்கச் சொல்கிறேன்.

சின்ன வேலைகள் போதும். இ-சேவை மையத்தில் சான்றிதழ் வாங்க அவளை அனுப்புங்கள், நீங்கள் வெளியே நில்லுங்கள். வங்கிக்கு அவளே போய்ப் படிவம் நிரப்பட்டும், தப்பாக நிரப்பித் திரும்ப ஒருமுறை போகட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஏடிஎம் கார்டை தயவுசெய்து நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். மாசக் கடைசியில் கையில் காசில்லாமல் போவதும், அடுத்த மாசம் கணக்குப் பார்த்துச் செலவு செய்வதும் அவளே கற்றுக்கொள்ள வேண்டியது. அப்புறம், துணி துவைப்பது, காய்ச்சல் மாத்திரை எது என்று தெரிவது. இதெல்லாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று தோன்றும். ஹாஸ்டலில் வந்து பாருங்கள், முதல் மாதத்து அழுகையில் பாதி இதில்தான்.

ஆங்கிலத்தைப் பற்றி உங்களுக்குப் பெரிய கவலை இருக்கும். அவசரமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பிளஸ் டூ கணக்கு, இயற்பியல் புத்தகங்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தெரிந்த பாடத்தையே தினம் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் அதுதான் கைகொடுக்கும். என் வகுப்பில் தமிழ் வழியில் வந்த ஒரு பெண்ணைத் தொகையிடல் கணக்கு ஒன்றைப் போர்டில் போடச் சொன்னேன். மடமடவென்று போட்டு முடித்தாள். எப்படி வந்தது, விளக்கு என்றதும் திரும்பிப் பார்த்து, "தமிழ்ல சொல்லட்டுமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். சொல் என்றேன். நான் சொல்வதைவிடத் தெளிவாகச் சொன்னாள். வகுப்பு முடிந்ததும் ஆங்கில வழியில் படித்த இரண்டு பேர் நோட்டோடு அவள் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவளுடைய முதல் தோழிகள் அவர்கள்தான். தமிழில் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை என்பதை வீட்டிலேயே அழுத்திச் சொல்லி அனுப்புங்கள்.

மார்க் விஷயம் இதைவிடப் பெரியது. உங்கள் மகள் பள்ளியில் முதல் இரண்டு மூன்று இடங்களில் இருந்திருப்பாள். இங்கே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எல்லோருமே அப்படித்தான். கல்லூரிக்குள்ளேயே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் நூற்றுக்கு நாற்பது வந்ததும், நான் இதற்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டில் சொல்லவும் பயம், ஊரெல்லாம் இனிப்புக் கொடுத்து அனுப்பிய அப்பாவிடம் எப்படிச் சொல்வது? அதனால் கிளம்பும் முன்பே நீங்கள் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அரியர் விழுந்தால், அதாவது ஒரு பாடத்தில் ஃபெயிலானால், அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், விழுந்த அன்றே எங்களிடம் சொல், திட்ட மாட்டோம் என்று. சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும். முதல் முறை திட்டிவிட்டால் அதற்கப்புறம் எந்தக் கெட்ட செய்தியும் வீட்டுக்கு வராது.

ஆண் பிள்ளைகளோடு பேசாதே என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். லேபில் வரிசை எண்படிதான் குழு பிரிப்பார்கள், பேசாமல் வேலை நடக்காது. பேசியதையெல்லாம் மறைக்கப் பழகினால், உண்மையிலேயே யாராவது தொந்தரவு கொடுக்கும்போது அதையும் மறைப்பாள். "எந்த ஊரு" என்று தொடங்கி "ஊர்ல எந்தத் தெரு" என்று வந்து நிற்பவர்களும் இருப்பார்கள். எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கட்டும். ராகிங்கைப் பொறுத்தவரை, 1996இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை அடுத்து 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்துவிட்டது. தேசிய உதவி எண் 1800-180-5522, எந்த நேரமும் கூப்பிடலாம். ஃபோனில் பதிந்து கொடுங்கள்.

இனி உங்கள் பக்கம். தினமும் ராத்திரி ஃபோன் செய்து "சாப்டியா?" என்று கேட்டால் "ம்" என்று மட்டும்தான் பதில் வரும். "இன்னைக்கு யார்கூடச் சாப்ட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வந்தால் நிம்மதி. வாரக் கணக்கில் பெயரே வரவில்லை என்றால் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் தேனி, மதுரைப் பக்கம் போகும் பிள்ளைகள் கூட்டம் அலைமோதும். முதல் இரண்டு மாதம் ஒவ்வொரு வாரமும் வரச் சொல்லாதீர்கள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரட்டும். ஹாஸ்டலில் சிநேகம் ஏற்படுவதே சனி, ஞாயிறுகளில்தான். துணி துவைக்கும் இடத்திலும், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வராண்டாவிலும்.

முதல் மூன்று வாரம் அழுவாள், "என்னக் கூட்டிட்டுப் போயிடுங்கப்பா" என்பாள். பெரும்பாலும் அது தானாகக் குறையும். குறையாமல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வகுப்புக்கே போகாமல் அறையில் கிடக்கிறாள் என்றால் ஃபோனில் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்காமல் நேரில் கிளம்பி வாருங்கள். வகுப்பு ஆசிரியரையும் வார்டனையும் பாருங்கள், கல்லூரியில் கவுன்சலர் இருந்தால் அவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது, பெற்றோரும் பேசலாம். கல்லூரிக்குப் போனதில்லையே, அங்கே போய் என்ன கேட்பது என்று நீங்கள் தயங்க வேண்டாம். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டு வரும் பெற்றோரைப் பார்த்தால் எங்களுக்கும் பெரிய தெம்பு.