கல்லறைக் கல்லுக்கு ஆசிட் ஊற்றலாமா?

கேள்வி: கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் உள்ள எங்கள் கொள்ளுத் தாத்தாவின் சலவைக்கல் பலகை கறுத்து, அடியில் விரிசலும் விட்டிருக்கிறது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?
– வாசகி, புரசைவாக்கம்

பதில்: ஆசிட் வேண்டவே வேண்டாம். சலவைக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால், அமிலம் அழுக்கோடு கல்லின் மேற்பரப்பையும் கரைத்து, எஞ்சியிருக்கும் எழுத்துகளையும் கொண்டுபோய்விடும். ப்ளீச்சிங் பவுடரும் கம்பி பிரஷும் கூடாது. முதலில் புகைப்படம் எடுத்துக்கொண்டு, விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற ஓசை கேட்டாலோ, கல் மாவாக உதிர்ந்தாலோ, கல் பாதுகாப்பு அறிந்தவரிடம் விட்டுவிடுங்கள். உறுதியாக இருந்தால், நன்றாக நனைத்து, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்குநீர் உலர்ந்த கல்லில் கோடுகளாகப் படியும். உப்பு ஏறிய போர் தண்ணீரைத் தவிர்த்து, குடிநீரையே பயன்படுத்துங்கள்.

விரிசல் என்றதும் சிமென்ட் பூசுவது நம் கொத்தனார்களின் வழக்கம். ஆனால் இறுகிக் கடினமாகும் சிமென்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, நாளடைவில் கல்லையே சிதைக்கும் என்பதால், அடிப்பாக இணைப்புகளுக்குச் சுண்ணாம்புக் காரையே பொருத்தமானது. பலகையே உடைந்திருந்தால் இரும்புக் கம்பி செருக விடாதீர்கள். அது துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளந்துவிடும். வேலை தொடங்குமுன் கல்லறை நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.